நகப் பூச்சுக் குப்பியும் நம் கடை அலமாரியும்

சென்ற ஆவணி முகூர்த்த சமயத்தில் ஒரு காலை நேரம். பாவூர்சத்திரம் சந்தைக்கு வந்த லாரிகள் இன்னும் கிளம்பவில்லை. கடையில் நல்ல கூட்டம். மணப்பெண் அலங்காரத் தொழில் செய்யும் ஒரு பெண் கையில் சிறிய குப்பியோடு வந்து நின்றார். "அண்ணாச்சி, நீங்க கொடுத்த ஜெல் பாலிஷைப் பாருங்க. பிரஷ் உள்ளேயே ஒட்டிக்கிட்டு, கல்லு மாதிரி ஆயிருச்சு. இன்னைக்கு சாயந்தரம் நாலு பொண்ணுங்களுக்குக் கை அலங்காரம் இருக்கு, நான் என்ன செய்ய?" என்றார். மூடியைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. அலமாரியிலிருந்து வேறொரு குப்பி எடுத்துக் கொடுத்தேன். அதுவும் பாதி இறுகிப் போயிருந்தது. கடைசியில் ஆறு குப்பிகளுக்கான பணத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

கம்பெனிக்காரன் மட்ட சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விசாரித்துப் பார்த்ததில் குற்றம் என்னுடையது என்று தெரிந்தது. அந்தக் குப்பிகளை நான் அடுக்கி வைத்திருந்த இடம் மேற்குப் பார்த்த கண்ணாடி ஷோகேஸ். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக அதன் மேல்தான் விழும். வண்ண வண்ணமாய்க் கண்ணில் படட்டும் என்று முன்வரிசையில் வைத்தேன். வெயிலும் தன் வேலையைச் செய்துவிட்டது.

நம் சங்கத்தில் பெரும்பாலோர் மளிகைக்காரர்கள். நகப் பூச்சுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இன்று சிற்றூர் மளிகைக் கடையில் வளையல், பொட்டு, ரிப்பன், ஷாம்பு, நெயில் பாலிஷ் என்று ஒரு பேன்ஸி மூலை இல்லாத கடை எத்தனை? தென்காசி, குற்றாலம், ஆலங்குளம் வட்டாரங்களில் வீட்டோடு பியூட்டி பார்லர் நடத்தும் பெண்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் கேட்கும் சரக்கை நாமும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வாங்கி வந்து வைக்கிறோம். அரிசி மூட்டையை எங்கே வைப்பது, வெல்லத்துக்கு எப்படி ஈரம் படாமல் காப்பது, மிளகாய் வற்றலில் பூச்சி விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். இந்தப் புதுச் சரக்கின் குணம் மட்டும் தெரியாது. தெரியாமல் வைத்ததால் எனக்குப் போனது சில நூறு ரூபாய்தான். இதே அறியாமையால் கடையே போகவும், கையே புண்ணாகவும் வழியிருக்கிறது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

உலர்வது வேறு, இறுகுவது வேறு

சாதாரண நெயில் பாலிஷ் என்பது ஒருவகைப் பெயிண்ட். நைட்ரோ செல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற திரவங்களில் கரைத்து, வண்ணம் சேர்த்துக் குப்பியில் அடைக்கிறார்கள். நகத்தில் பூசியதும் திரவம் காற்றில் பறந்துவிடும், வண்ணப் படலம் மிஞ்சும். மூடி சரியாக இல்லாவிட்டால் குப்பிக்குள்ளேயே கெட்டியாகிவிடும் என்பது நாமெல்லாம் பார்த்ததுதான்.

ஜெல் அப்படி உலர்வதில்லை. மூடியைத் திறந்து ஒரு நாள் நிழலில் வைத்தாலும் பிசுபிசுவென்று அப்படியே இருக்கும். அதன் மேல் புற ஊதா ஒளி பட்டால் ஒன்றிரண்டு நிமிடங்களில் பிளாஸ்டிக் போல் இறுகிவிடும். பல் டாக்டர் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு நீல விளக்கைக் காட்டுகிறாரே, அந்த வித்தையேதான் இது. ஒட்டு நகத் தொழிலே பல் வைத்தியத்திலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1950-களில் அமெரிக்காவில் பிரெடரிக் ஸ்லாக் என்ற பல் மருத்துவர் தம் உடைந்த நகத்தைப் பல் வைத்தியத்துக்கான அக்ரிலிக்கைக் கொண்டே சரிசெய்துகொண்டார். அங்கிருந்து கிளைத்த தொழில் இது.

ஜெல்லில் இருப்பது மெத்தாக்ரிலேட் என்னும் இனத்துச் சரக்கு. அதோடு, ஒளி பட்டதும் வேலையைத் தொடங்கிவைக்கும் ஒரு பொருளைச் சிறிதளவு கலந்திருப்பார்கள். பாலில் பிரை ஊற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் என்னவென்றால், இந்தப் பிரை வெளிச்சம் வரும்வரை உறங்கிக்கொண்டிருக்கும். பார்லர் விளக்குகள் 365 முதல் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைக் கொடுத்து அதை எழுப்புகின்றன. வெயிலிலும் அதே ஒளி இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஷோகேஸில் வைத்த என் சரக்கு கல்லானதன் ரகசியம் அவ்வளவுதான்.

வெப்பமும் இதற்கு ஆகாது. வெளிச்சமே படாவிட்டாலும் அதிகச் சூட்டில் நாட்பட இருந்தால் ஜெல் தானாகக் கெட்டிப்படத் தொடங்கும். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டி, வெயில் படாமல் வைக்கச் சொல்கிறார்கள். குற்றாலச் சாரல் நம் பக்கம் எட்டிப் பார்க்கும் ஆனி, ஆடி மாதங்களில் இதைப் பற்றிக் கவலையில்லை. பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணில் கை வைத்துப் பாருங்கள். அங்கே ஜெல் பெட்டியை ஏற்றி வைப்பது, வெண்ணெயை அடுப்பு மேடையில் வைப்பதற்குச் சமம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், கிழக்கு அல்லது வடக்குச் சுவரை ஒட்டிய மூடிய மர அலமாரியோ இரும்பு பீரோவோ போதும். கம்பெனி அனுப்பிய அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்து, கேட்கும்போது எடுத்துக் கொடுங்கள். ஷோகேஸில் காட்ட வேண்டுமானால் காலிக் குப்பியையோ வண்ண அட்டையையோ காட்டினால் போதும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். தின்பண்டம் வைக்கும் பெட்டியில் இதை வைக்கவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

குப்பியைத் தளும்பத் தளும்ப நிரப்பாமல் சற்றுக் காலி இடம் விட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, அளவில் ஏமாற்றுகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெல் தானாக இறுகாமல் தடுக்கச் சேர்க்கும் மருந்து வேலை செய்வதற்குக் கொஞ்சம் காற்று தேவை. அந்த இடைவெளி அதற்காகத்தான். ஆகவே இரண்டு அரைக் குப்பிகளை ஒன்றாக ஊற்றி முழுக் குப்பி ஆக்குவது, பெரிய டப்பாவிலிருந்து சிறு குப்பிகளில் பிரித்து ஊற்றி விற்பது ஆகிய வேலைகள் வேண்டாம். கெட்டியானதில் ரிமூவரையோ தின்னரையோ ஊற்றிக் கலக்கி "சரியாகிவிட்டது" என்று விற்பது அதைவிட மோசம். இறுகத் தொடங்கிய ஜெல் மீண்டும் பழைய நிலைக்கு வராது. வாங்கிய பெண்ணின் தொழிலும் கெடும், நம் பெயரும் கெடும்.

ஜெல் சரக்கோடு புற ஊதா விளக்கையும் சேர்த்து விற்பவர்கள், விளக்கு எரிகிறதா என்று வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டும்போது பக்கத்தில் திறந்த குப்பி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒளியைக் கண்ணுக்கு நேராகப் பார்ப்பதும் கூடாது.

மண்ணெண்ணெயைவிடப் பொல்லாதது

இனி நான் அதிகம் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஜெல்லோடு கூடவே இரண்டு திரவங்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, பூச்சை அகற்றும் ரிமூவர். இதில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன். மற்றொன்று, இறுகிய ஜெல்லின் மேல் மிஞ்சும் பிசுபிசுப்பைத் துடைக்கும் கிளென்சர். இதில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்ற சாராய வகை இருக்கும். சாதாரண நெயில் பாலிஷையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாமே சட்டென்று தீப்பற்றும் திரவங்கள்.

நம்மில் மூத்தவர்கள் ஒரு காலத்தில் கடையில் மண்ணெண்ணெய் விற்றிருப்பார்கள். அந்தப் பீப்பாயை எவ்வளவு பயபக்தியோடு தனியே வைத்திருப்போம்! ஒரு திரவத்திலிருந்து எழும் ஆவி, நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு எந்தச் சூட்டில் சேர்கிறதோ, அதைத் தீப்பற்று வெப்பநிலை என்பார்கள். மண்ணெண்ணெய்க்கு அது 35 டிகிரிக்கு மேல். ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்குச் சுமார் 12 டிகிரி. எத்தில் அசிட்டேட்டுக்குச் சுழிக்குக் கீழே 4 டிகிரி. அசிட்டோனுக்குச் சுழிக்குக் கீழே சுமார் 20 டிகிரி! அதாவது பனிக்கட்டியின் மேல் வைத்தாலும் அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்? அது கொதிப்பதே 56 டிகிரியில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் அசிட்டோன் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 330 லிட்டர் ஆவி வரும். காற்றில் இரண்டரை சதவீதம் அசிட்டோன் ஆவி இருந்தாலே தீப்பொறி பட்டால் பற்றும். அப்படியானால் எட்டுக்கு எட்டு அடி பரப்பும் ஏழடி உயரமும் உள்ள ஒரு மூடிய அறை, தீப்பற்றும் நிலைக்கு வர ஒரே ஒரு லிட்டர் கேன் கசிந்தால் போதும். நம்மில் பலருடைய பின்கட்டு கோடவுன் அந்த அளவுதான். இன்னொன்றும் உண்டு. அசிட்டோன் ஆவி காற்றைப் போல் இரண்டு மடங்கு கனமானது. அது மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். குப்பி உடைந்தது ஒரு மூலையில் இருக்கும், நெருப்பு இருப்பது பத்தடி தள்ளி இருக்கும், ஆனாலும் பற்றிக்கொள்ளும்.

நம் கடைகளில் நெருப்புக்கா பஞ்சம்! காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம். பின்கட்டில் டீ போட கேஸ் அடுப்பு. குளிர்சாதனப் பெட்டி ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் உள்ளே சிறு பொறி பறக்கலாம். இன்வெர்ட்டர், பழைய சுவிட்சு, இவையும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியில் இந்தச் சரக்கை வைக்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவே முதல் காரணம். என் கடையில் ரிமூவர் பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? சாமி படத்துக்கு நேர் கீழே உள்ள தட்டில். எத்தனை வருடமாக அங்கே இருந்தது என்பதைக் கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

2021 அக்டோபர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை ஒன்றில் பிடித்த தீயில் உயிர்கள் பல போனதை நாம் மறந்திருக்க முடியாது. அங்கே இருந்தது பட்டாசு. நம்மிடம் இருப்பது வேறு சரக்கு என்பது உண்மைதான். ஆனால் கடை வீதியில் சுவரோடு சுவர் ஒட்டிய கடைகளில் ஒருவர் வைத்திருக்கும் சரக்கு, அடுத்தவருக்கும் ஆபத்து என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. உங்கள் பக்கத்துக் கடைக்காரர் என்ன வைத்திருக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். அவரும் உங்களைக் கேட்கலாம். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆகவே, ரிமூவரையும் கிளென்சரையும் ஒரு வாரம் விற்பனைக்குப் போதுமான அளவுக்கு மேல் கடையில் வைக்காதீர்கள். பெரிய கேனில் வாங்கிக் குப்பிகளில் ஊற்றி விற்பதில் லிட்டருக்குச் சில ரூபாய் லாபம் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். அதை நான் நிறுத்திவிட்டேன். ஊற்றும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும், சிந்தும். கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைத்தால் பிள்ளைகள் தண்ணீர் என்று எடுத்துக் குடிக்கவும் கூடும். மூடிய இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், குப்பிகளை நிமிர்த்தி, அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து அடுக்குங்கள். கசிந்தால் அந்தத் தட்டோடு நிற்கும். கற்பூரம், தீப்பெட்டி, ஊதுவத்தி இருக்கும் பக்கம் வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் வேறு பக்கம் இருக்கட்டும்.

தீயணைப்புக் கருவியாக ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் ஒன்றும் மணல் வாளி இரண்டும் கடை வாசலருகே இருக்க வேண்டும். கோடவுனின் உள்கோடியில் மாட்டி வைத்தால், தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டிவரும். எரியும் நெயில் பாலிஷ் மேல் தண்ணீரை வாளியோடு வீசினால், எரிகிற திரவம் தண்ணீரோடு மிதந்து பரவும்.

சரக்கு கொண்டுவரும்போதும் கவனம் தேவை. சென்னையில் கொள்முதல் முடித்து, பொதிகை ரயிலில் சீட்டுக்கு அடியில் பெட்டியைத் தள்ளிவிட்டு வருவது நமக்குப் பழக்கம். வளையல், பொட்டுக்கு அது சரி. தீப்பற்றும் திரவங்களை அப்படிக் கொண்டுவருவது 1989-ஆம் வருட ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லாரி பார்சலில் போடும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிப் போடுங்கள்.

விரல் நுனியில் வரும் வினை

என் கடைப் பையனுக்கு வலது கை விரல்கள் வெடித்து, தோல் உரிந்து, அரிப்பு தாங்காமல் கிடந்தான். சோப்புத் தூள் பட்டதாக நினைத்தோம். தோல் டாக்டரிடம் காட்டியபோது, "என்ன சரக்கு எடுத்துக் கொடுக்கிறாய்?" என்று விசாரித்தார். கசிந்த ஜெல் குப்பிகளைத் துணியால் துடைத்து அடுக்கியது அவன்தான்.

இறுகிய ஜெல்லால் அவ்வளவு தொல்லை இல்லை. இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்தால் அநேகமாக ஆயுளுக்கும் விடாது. பிறகு ஒரு துளி பட்டாலும் தடிப்பும் கொப்புளமும் வரும். பிரிட்டனில் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-இல் இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. ஒவ்வாமைக்காகச் சோதிக்கப்பட்டவர்களில் 2.4 சதவீதத்தினருக்கு மெத்தாக்ரிலேட் வகைகளில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டார்கள். நகத்தோடு போகிற விஷயமும் இல்லை இது. பல் அடைக்கும் சிமெண்டிலும், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் எலும்போடு ஒட்ட வைக்கும் சிமெண்டிலும் இதே இனத்துப் பொருள்கள் இருக்கின்றன. இன்று இருபது வயதில் நகத்துக்காக வாங்கிக்கொள்ளும் ஒவ்வாமை, அறுபது வயதில் முழங்கால் ஆபரேஷனுக்குக் குறுக்கே வந்து நிற்கலாம்.

அதனால்தான் ஐரோப்பிய நாடுகளில் 'ஹெமா' என்ற மெத்தாக்ரிலேட் கலந்த நகச் சரக்கைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று 2021 முதல் விதி வைத்துள்ளார்கள். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற வேறொரு வகையை அமெரிக்க அரசு 1970-களிலேயே வழக்குப் போட்டு நகத் தொழிலிலிருந்து விரட்டத் தொடங்கியது. ஒளி பட்டதும் வேலை தொடங்கும் 'பிரை' என்று மேலே சொன்னேனே, அதில் டி.பி.ஓ. எனப்படும் ஒரு வகையை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருள்களின் பட்டியலில் சேர்த்து, 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. அங்கே விற்க முடியாத சரக்கு மலிவு விலையில் நம் பக்கம் திரும்பக்கூடும் என்பது என் சந்தேகம். வழக்கத்தைவிடப் பாதி விலைக்கு யாராவது ஜெல் கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள். லேபிளில் சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் நாம் செய்யக்கூடியது எளிது. கசிந்த குப்பியை வெறும் கையால் தொடாதீர்கள். நைட்ரில் கையுறை போட்டு எடுங்கள். சாதாரண ரப்பர் கையுறை இதற்குப் பயன்படாது. நைட்ரிலையும் ஜெல் பட்டவுடன் கழற்றி எறிய வேண்டும். தோலில் பட்டால் காய்ந்த தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். ரிமூவரைப் போட்டுத் தேய்த்தால் ஜெல் இன்னும் பரவும், தோலும் வறண்டு புண்ணாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜெல் கேட்டு வந்தால் நான் சாதாரண பாலிஷைத்தான் கொடுக்கிறேன், அல்லது மருதாணி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வியாபாரம் போகிறதே என்று என் மகன் முணுமுணுக்கிறான். போகட்டும்.

ஒட்டு நகத்துக்கான பசையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது பெவிக்விக் இனத்தைச் சேர்ந்தது. ஈரம் பட்டால் இறுகும், ஆகவே உலர்ந்த இடத்தில் வையுங்கள். பருத்தித் துணியில் சிந்தினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். பஞ்சால் துடைக்கப் போய் விரல் கொப்பளித்தவர்கள் உண்டு. விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மெல்லப் பிரிக்க வேண்டும். பிய்த்து இழுக்கக் கூடாது. கண்ணிமையில் பட்டால் கைவைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

கண்ணில் ரிமூவரோ ஜெல்லோ தெறித்தால் சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். குழந்தை ரிமூவரைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குடித்த குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு, 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குப்பியைப் பார்த்தால்தான் என்ன மருந்து என்று டாக்டருக்குத் தெரியும்.

டீத்தூளும் ரிமூவரும்

மளிகைக்காரருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. டீத்தூள், காபித்தூள், அரிசி மாவு, பிஸ்கட் ஆகியவை வாசனையை ஈர்ப்பவை. சோப்புக் கட்டியின் பக்கத்தில் வைத்த டீத்தூள் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மூடி சரியில்லாத ரிமூவர் குப்பி அதைவிட வேகமாக வேலை செய்யும். உணவுப் பாதுகாப்பு விதிகளும் உண்ணும் சரக்கையும் ரசாயனச் சரக்கையும் தனித்தனியே வைக்கச் சொல்கின்றன. உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் மட்டும் பிரித்து வைத்துவிட்டு மறுநாள் பழையபடி அடுக்குகிறவர்கள் நம்மில் உண்டு. நானும் அந்த ஜாதியில் ஒருவனாக இருந்தேன்.

பில்லும் லேபிளும் கவசம்

அழகுப் பொருளைச் சில்லறையில் விற்கத் தனி உரிமம் வேண்டாம். அதனால் சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1940-ஆம் வருட மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும், 2020-ஆம் வருட அழகுப் பொருள் விதிகளும் நம் நெயில் பாலிஷுக்கும் பொருந்தும். லேபிளில் பொருளின் பெயர், தயாரித்தவர் பெயரும் விலாசமும், பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், எந்த மாதத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்ற தேதி ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவுச் சான்று எண்ணும், பதிவு பெற்றவரின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். இவற்றோடு அதிகபட்ச சில்லறை விலையும். வெறும் சீன எழுத்து மட்டும் அச்சடித்த டப்பா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தொடாதீர்கள்.

தரமற்ற அல்லது தவறான லேபிள் உள்ள அழகுப் பொருளை விற்பது குற்றம். இன்ஸ்பெக்டர் கேட்டால் யாரிடம் வாங்கினோம் என்று பெயரும் விலாசமும் சொல்லியாக வேண்டும். இது சட்டத்தின் 18-ஏ பிரிவு. பில் இல்லாமல் வாங்கியவர் என்ன சொல்வார்?

ஆனால் இதே சட்டம் 19-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் நேர்மையான வியாபாரிக்கு ஒரு கவசமும் தருகிறது. முறையான உரிமம் பெற்ற தயாரிப்பாளர், விநியோகஸ்தர் அல்லது வியாபாரியிடமிருந்து வாங்கினேன்; குறை இருப்பது எனக்குத் தெரியாது, தக்க கவனம் எடுத்தும் தெரிந்திருக்க முடியாது; என்னிடம் இருந்தவரை சரக்கைச் சரியான முறையில் பாதுகாத்து, வாங்கிய நிலையிலேயே வைத்திருந்தேன். இந்த மூன்றையும் நிரூபித்தால் அவர் மேல் குற்றம் நிற்காது. மூன்றாவதைக் கவனியுங்கள். வெயிலில் வைத்திருந்தால், பிரித்து ஊற்றியிருந்தால், தின்னர் கலந்திருந்தால் அந்தக் கவசம் போய்விட்டது. தயாரித்தவன் செய்த தவறும் நம் தலையில் விடியும்.

கடைக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பவர்கள், தீப்பற்றும் இந்தச் சரக்குகள் இருப்பதை ஏஜெண்டிடம் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். "மளிகை" என்று மட்டும் எழுதிக்கொடுத்து பாலிஸி வாங்கிவிட்டு, பின்னால் அசிட்டோன் கேன் எரிந்ததாக சர்வேயர் எழுதினால், தர வேண்டிய பணத்துக்குத் தகராறு வரும். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் கூடட்டும்.

கெட்டுப்போன சரக்கைத் தூக்கிப் போடுவதிலும் முறை உண்டு. இறுகாத ஜெல்லைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அகலமான தகர மூடியில் மெல்லியதாக ஊற்றி, பிள்ளைகள் எட்டாத மொட்டை மாடியில் வெயிலில் வைத்தால் இறுகிவிடும், பிறகு குப்பையில் போடலாம். ரிமூவரைத் துடைத்த பஞ்சும் துணியும் மூடியுள்ள தகர டப்பாவில் போகட்டும். சந்தைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துகிறார்களே, அந்தக் குவியலில் இவை சேரவே கூடாது.

என் கடையில் இப்போது ஜெல்லுக்குப் பின்சுவரில் ஒரு மர அலமாரி, ரிமூவருக்கு வாசல் பக்கம் பழைய இரும்பு பீரோ. பழைய இருப்பு முன்னால், புது வரவு பின்னால். மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஜெல் குப்பியையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறேன். உள்ளே சரக்கு மெல்ல நகர்ந்தால் நல்லது. நகராமல் நின்றால் எடுத்து ஒதுக்கிவிடுகிறேன். ஆவணியில் கல்லான குப்பியைக் கொண்டுவந்தாரே, அந்த அலங்காரக்காரப் பெண், ஐப்பசி முகூர்த்தத்துக்கு மறுபடி வந்தார். பணம் கொடுப்பதற்கு முன் அவரும் குப்பியைக் கவிழ்த்துத்தான் பார்த்தார்.